என் தோல்வியைத் திருப்பிக் கொடு

செகந்தராபாத்
14 ஆகஸ்ட் 1988

அன்புள்ள பேபி,

நான் இங்கே வந்து நாலு மாதம் ஆகிறது. அப்பாவின் கடிதங்களில் கடைசி வரியாக ‘பேபி சுகம்’ என்று வருகிறதே தவிர, உன் கையெழுத்தில் ஒரு வரிகூட வரவில்லை. வேலைவெட்டி இல்லாமல் வீட்டில் இருப்பவளுக்கு அக்காவுக்கு எழுத நேரமில்லையா என்று கேலியாகத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். எழுதிப் பார்த்ததும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நீ வேலையில்லாமல் இருப்பதற்கு யார் காரணம் என்று எனக்குத் தெரியாதா?

காலையில் ரயில்வே ஆபீசில் ஃபைல் அடுக்குகிறேன். மூன்று மணிக்கு விட்டுவிடுகிறார்கள், நேராக கிரவுண்ட். எனக்கு ஜோடியாக நாகமணி என்று ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். குண்டூர்க்காரி. நன்றாக ஆடுகிறாள். ஆனால் பந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தால் ‘நாதி, நாதி’ என்று கத்துகிறாள். ‘என்னுடையது’ என்று அர்த்தமாம். தாம்பரம் கிரவுண்டில் நீயும் நானும் பூப்பந்து ஆடிய இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது கத்தியிருக்கிறோமா? நீ காலை எடுத்து வைக்கும் சத்தத்திலேயே பந்து யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

தினமும் நான் ஆடுவது எந்த கிரவுண்ட் தெரியுமா? பிப்ரவரியில் நம் இருவரையும் தேர்வுக்கு அழைத்தார்களே, அதே கிரவுண்ட். ஜோடியாகவே ஆடிப் பழகியவர்களை எதிரெதிரே நிறுத்தி, ஆளுக்கொரு ரயில்வே பெண்ணைத் துணைக்குக் கொடுத்து, ‘இருப்பது ஒரு இடம்தான், ஆடுங்கள்’ என்றார்களே, அங்கேதான். கடைசி கேமில் உன் கைக்கு சர்வீஸ் வந்தபோதெல்லாம் பந்து வலையில்தான் விழுந்தது. நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ மட்டும் என் பக்கம் பார்க்கவே இல்லை. திரும்பி வரும்போது ரயிலில் அப்பா சொன்னது உனக்கு நினைவிருக்கும். ‘புள்ள அக்காவுக்காக விட்டுக்குடுத்துடுச்சு.’ நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அந்த பாரத்தை என்னால் தனியாகத் தூக்க முடியவில்லை. ஒரு கவிதையாக எழுதி வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன். போட்டுவிட்டார்கள். இந்த வாரம் வந்திருக்கிறது. உனக்காகக் கையால் எழுதுகிறேன்.

*அவளுக்கும் எனக்கும்
நடுவில் ஒரு வலை.
நேற்றுவரை நாங்கள்
அதன் ஒரே பக்கம்.*

*ஒரு நாற்காலிக்கு
இரண்டு பேரை அழைத்தவர்கள்
விசில் ஊதினார்கள்.*

*பந்து அவளிடம் வந்தது.
எனக்காக அவள் அதை
வலைக்குத் தானம் செய்தாள்.*

*நான் வென்றேன் என்றார்கள்.
ஸ்கோர் பலகைக்குத்
தங்கைகளைத் தெரியாது.*

அச்சில் பார்த்தால் மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. நீ படித்துவிட்டு எழுது.

உன் அக்கா,
அருள்மேரி

------

பீர்க்கன்கரணை
29 ஆகஸ்ட் 1988

அக்கா,

நீ கையால் எழுதி அனுப்புவதற்கு முன்பே உன் கவிதை ஊருக்கு வந்துவிட்டது. அப்பா நாலு பிரதி வாங்கினார். ஒன்றைக் கத்தரித்துக் கண்ணாடி போட்டு, மாதா படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறார். ஒன்று ஒர்க்ஷாப்புக்குப் போனது. கூட வேலை செய்கிறவர்கள் ‘சவுரிமுத்து, நீ புள்ளைங்கள வளர்த்தவன்யா’ என்றார்களாம். அன்று ராத்திரி அப்பா இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார், நம் பங்கில் இப்படி ஒரு பெண் இருக்கிறாள் என்று. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முக்காட்டை இழுத்து வாய்வரை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. கோவளத்திலிருந்து மீன் கொண்டுவருகிற குப்பம்மாவுக்கு எழுத்து தெரியாது. அம்மா படித்துக் காட்டியிருக்கிறாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு என் கன்னத்தை வழித்து, ‘இன்னா பேபி, அக்காவுக்கோசரம் வுட்டுக்குடுத்துட்டியாமே! உம் மன்சு யாருக்கு வரும்?’ என்றாள். நாலு நெத்திலியைச் சும்மா போட்டுவிட்டுப் போனாள்.

அந்த நெத்திலியை நான் சாப்பிடவில்லை அக்கா.

எனக்கு உன்னைப் போல எழுத வராது. ஆனாலும் நீ கவிதையில் சொன்னதற்குக் கவிதையில்தான் பதில் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. சிரிக்காமல் படி.

*வலையில் பந்தைப் போட்டது நான்தான்.
தானம் இல்லை.
கை நடுங்கியது.
எனக்கும் அந்த நாற்காலி வேண்டியிருந்தது,
உனக்கு எவ்வளவு வேண்டியிருந்ததோ
அவ்வளவு.*

நான் விட்டுக்கொடுக்கவில்லை. தோற்றுப் போனேன். முதல் கேமில் உன்னை ஓட ஓட விரட்டியபோது, இந்த வேலை எனக்குத்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சொன்ன நிமிஷத்திலிருந்து உள்ளங்கை வேர்த்தது. பேட் பிடியில் நிற்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அதை எனக்குத் திருப்பிக் கொடு.

பேபி

------

செகந்தராபாத்
8 செப்டம்பர் 1988

என் கண்ணு பேபி,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உன் கவிதையைப் படித்து அழுதேன். நீ இப்படித்தான் எழுதுவாய் என்று எனக்குத் தெரியும். நான் குற்ற உணர்ச்சியில் வாடக்கூடாது என்று தோல்வியை உன் தலையில் போட்டுக்கொள்கிறாய். உனக்காவது கை நடுங்குவதாவது! மாவட்ட ஃபைனலில் இருட்டுகிற நேரத்தில், எல்லோரும் எழுந்து நின்று கத்துகிறபோது சர்வீஸ் போட்டவள் நீ.

நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். எங்கள் மேனேஜரிடம் ஜாடையாகப் பேசிவிட்டேன். என் இடம் காலியானால் இரண்டாவதாக வந்த உன்னைக் கூப்பிட வாய்ப்பிருக்கிறது என்றார். நீ எனக்குக் கொடுத்ததை நான் உனக்குத் திருப்பித் தருவதில் என்ன தப்பு?

சரி என்று ஒரு வார்த்தை எழுது.

அருள்

------

பீர்க்கன்கரணை
2 அக்டோபர் 1988

அக்கா,

ராஜினாமா கடிதம் எழுதியிருந்தால் கிழித்துப் போடு. நீ வேலையை விட்டு வந்தால் நான் அங்கே வருவேன் என்று எப்படி நினைத்தாய்? அப்புறம் நீ இங்கே உட்கார்ந்து அதற்கும் ஒரு கவிதை எழுதுவாய். நான் அங்கே உட்கார்ந்து அதைப் படித்து வாட வேண்டும். நம் குடும்பத்துக்கு ஒரு தியாகி போதும். அந்த ஒருத்தியும் நீ கற்பனை பண்ணியவள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவுக்கு முழுசாகத் தெரியாது.

மெட்ராஸில் ஒரு வங்கியில் பெண்கள் டீம் ஆரம்பிக்கிறார்கள். நம்மைப் பழக்கிய சுந்தர்சிங் மாஸ்டர்தான் தகவல் சொன்னார். என்னையும், இப்போது என் ஜோடியாக ஆடும் சரோஜினியையும் அவரே கூட்டிக்கொண்டு போனார். சரோஜினியை உனக்குத் தெரியும். ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குப் பக்கத்து வீடு, நம் ஸ்கூலில் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவள். அங்கே ஸ்போர்ட்ஸ் ஆபீசர் லக்ஷ்மிநாராயணன் என்று ஒருவர். மரியாதையான மனிதர்தான். ஆட்டத்தைப் பார்த்தார். நன்றாகவே ஆடினேன் அக்கா. கை நடுங்கவில்லை. முடிந்ததும் பெயர் கேட்டார். சொன்னதும் முகம் மலர்ந்தது. அந்தக் கவிதை யாரைப் பற்றியது என்று பூப்பந்து ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

‘பீர்க்கன்கரணை பேபியா? அக்கா செகந்தராபாத்ல இருக்காளே, அந்த பேபியா? கவிதை படிச்சேம்மா. என் ஒய்ஃப் அழுதுட்டா.’

நான் பேட்டை உறையில் போட்டேன்.

‘ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதே. டீம்னு வந்துட்டா பாசமெல்லாம் கோட்டுக்கு வெளியில நிக்கணும். நாளைக்கு எதிர் பக்கம் உங்க அக்கா நின்னா என்ன பண்ணுவே?’

‘ஜெயிப்பேன் சார்.’

‘போன தடவை ஜெயிக்கலையே?’

‘தோத்துட்டேன் சார். வேணும்னு செய்யல.’

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை உனக்கு எப்படிச் சொல்வது? அக்காவை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாளே, எவ்வளவு நல்ல பெண் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. ‘பார்க்கலாம்மா’ என்றார். மாஸ்டர் தனியாகப் போய்ப் பேசினார். திரும்பி வந்து, ‘ஜனவரிவரைக்கும் முடிவு எடுக்க மாட்டாங்களாம்’ என்று மட்டும் சொன்னார்.

பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. நான் உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

உன்மேல் மட்டும் கோபப்படவும் முடியவில்லை. அன்று ரயிலில் அப்பா ‘விட்டுக்குடுத்துடுச்சு’ என்று சொன்னபோது, இல்லை என்று நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பயந்துபோய்த் தோற்றவள் என்பதைவிட அக்காவுக்காகத் தோற்றவள் என்றால் கேட்க நன்றாக இருந்தது. தாம்பரம் வரும்வரைக்கும் மட்டும் அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். நீ அதை அச்சில் ஏற்றுவாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பேபி

------

செகந்தராபாத்
20 நவம்பர் 1988

பேபி,

ஒன்றரை மாதமாக எழுதாததற்குக் காரணம் வேலை இல்லை. உன் கடிதத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் பேனா நகரவில்லை.

இப்போது நம்புகிறேன். நீ தோற்றுத்தான் போனாய். இதை எழுதுவது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது பார். நீ எனக்காக விட்டுக்கொடுத்தாய் என்றால் நான் உனக்குக் கடன்பட்டவள், அவ்வளவுதான். நீ உண்மையாகவே ஆசைப்பட்டு, கை நடுங்கித் தோற்றாய் என்றால், வலைக்கு இந்தப் பக்கம் நின்று உன் வாயிலிருந்ததைப் பிடுங்கியவள் நான். அதைத் தாங்க முடியாமல்தான் உன்னைப் புனிதவதி ஆக்கினேன். உன்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் கவிதை கெட்டுப்போயிருக்கும் என்று உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும்.

பத்திரிகைக்கு எழுதினேன். ‘கவிதைக்கு மறுப்பு வெளியிடும் வழக்கம் இல்லை, வேறு கவிதை இருந்தால் அனுப்பவும்’ என்று கார்டு வந்தது. லக்ஷ்மிநாராயணன் சாருக்கு நாலு பக்கம் எழுதினேன். பதில் இல்லை. எழுதி முடித்து அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அக்கா தங்கைக்காகப் பரிந்து எழுதும் இன்னொரு கடிதம், அவருக்கு அது வேறெப்படித் தெரியும்?

நாகமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குத் தமிழ் அரைகுறை. ‘நீ தங்கச்சிய அழுக வச்சி, அதுக்கு நீயே அழுவறே. அதுக்கு எப்போ டைம்?’ என்றாள். உன் தங்கை அழுவதற்கு நேரம் கொடு என்று சொல்கிறாள் போலிருக்கிறது. நான் எழுந்து போய்விட்டேன்.

இன்னொரு விஷயம். பொங்கலுக்குத் தாம்பரத்தில் நடக்கும் போட்டிக்கு எங்கள் டீம் வருகிறது. நீயும் சரோஜினியும் பெயர் கொடுத்திருப்பதாக அப்பா எழுதியிருந்தார். லக்ஷ்மிநாராயணன் சாரும் பார்க்க வருகிறாராமே. அவர் கண்முன்னால் நாம் எதிரெதிரே நிற்கும்படி ஆகிவிட்டால் என்ன செய்வது? நான் ஜெயித்தால் நீ மறுபடியும் விட்டுக்கொடுத்தாய் என்பார். நீ ஜெயித்தால் இந்தத் தடவை அக்காவின் முறை என்பார். அதனால் கணுக்கால் சுளுக்கு என்று சொல்லி இங்கேயே இருந்துவிடலாம் என்று இருக்கிறேன். மேனேஜரிடம் இன்னும் சொல்லவில்லை.

அருள்

------

பீர்க்கன்கரணை
1 டிசம்பர் 1988

அக்கா,

உனக்குச் சுளுக்கு இல்லை. நீ வருகிறாய்.

எதிரெதிரே வந்தால் ஆடுவோம். ஒரு பந்தைக்கூட எனக்காக விடாதே. விட்டால் எனக்குத் தெரிந்துவிடும். மாஸ்டருக்கும் தெரிந்துவிடும். ‘ரெண்டு பேரையும் பழக்கினவன் நான். எந்தக் கழுதை ஏமாத்தினாலும் கோட்டுக்கு வெளியே இருந்தே கண்டுபுடிச்சுடுவேன்’ என்கிறார். அப்படி ஏதாவது செய்தாய் என்றால் அதோடு நமக்குள் பேச்சு இல்லை. இது மிரட்டல்தான்.

லக்ஷ்மிநாராயணன் சார் என்ன நினைப்பாரோ நினைக்கட்டும். நீ ஒருத்தி தெரிந்துகொண்டால் போதும்.

வீட்டில் தங்க வேண்டாம். டீமோடு தங்கு. ஆட்டம் முடிகிறவரைக்கும் உன் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றிருக்கிறேன். அம்மா அதிரசம் சுடப்போகிறாள், அப்பாவிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

பேபி

------

ரயிலில்
17 ஜனவரி 1989

பேபி,

வண்டி ஆட்டத்தில் எழுத்து கோணலாக வருகிறது. மடியில் பையை வைத்து, அதன்மேல் வைத்து எழுதுகிறேன். டீமில் மற்றவர்கள் சீட்டு ஆடுகிறார்கள். நேற்றே மேனேஜரிடம் அனுமதி கேட்டு, ஒருநாள் வீட்டில் இருந்துவிட்டு வந்திருக்கலாம். கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

அரையிறுதியில் உன் பெயரும் என் பெயரும் எதிரெதிரே என்று மைக்கில் சொன்னதும் கிரவுண்டில் ஒரு சிரிப்பு எழுந்ததே, கேட்டாயா? கவிதை படித்தவர்களின் சிரிப்பு. யாரோ ஒருவர், ‘இன்னிக்கி யார் யாருக்கு வுட்டுக்குடுக்கப் போறாங்க?’ என்று கத்தினார். அப்பா கோட்டுக்கு வெளியே எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் வலைக்கு நேராக, அம்பயர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார்.

முதல் கேமில் நீ என்னை அடித்து நொறுக்கினாய். நான் முழு மூச்சாகத்தான் ஆடினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இடைவேளையில் நாகமணி என் கையைப் பிடித்து இழுத்து, ‘நீ ஒரு இடத்துல அடிக்கவே மாட்டேங்குற. ஏன்?’ என்றாள். அவள் சொன்னபிறகுதான் எனக்கே தெரிந்தது.

உன் இடது தோளுக்கு மேலே பின்னால் போகிற பந்து. அதற்குத் திரும்புவதில் நீ அரை நொடி தாமதம். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். ஜோடியாக ஆடும்போது அந்தப் பந்தை எல்லாம் நான் ஓடிவந்து எடுத்துவிடுவேன். நான் ஓடிவருவது யாருக்கும் தெரிந்ததில்லை. மாஸ்டருக்குக்கூட. உனக்கே தெரியாது என்று நினைக்கிறேன். போன பிப்ரவரியில் செகந்தராபாத் கிரவுண்டில் எதிரே நின்றபோதும் அந்த இடத்தில் நான் ஒரு பந்துகூடப் போடவில்லை. நீ விட்டுக்கொடுத்தாய் என்று ஊரெல்லாம் சொன்னேனே, அன்று அப்படி ஏதாவது நடந்தது என்றால் அது இதுதான். அதுவும் நான் தெரிந்து செய்யவில்லை.

நீ ‘ஒரு பந்தைக்கூட விடாதே’ என்று எழுதியிருந்தாய். இரண்டாவது கேமில் அந்த இடத்தில் போட ஆரம்பித்தேன்.

முதல் பந்து விழுந்ததும் நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை. இனி உன்னைப் பற்றி எதையும் உன்னைக் கேட்காமல் எழுதமாட்டேன். அடுத்ததையும் அங்கேயே போட்டேன். அதற்கடுத்ததையும். நீ விழுந்தாய். எழுந்தாய். முழங்கையில் ரத்தம் வந்தது. சரோஜினி உனக்காக ஓடிவரப் பார்த்தாள், அவளுக்கு அந்த ஓட்டம் பழக்கமில்லை. எனக்குத் தெரிந்த ஒரே ரகசியத்தை, இத்தனை வருஷம் நான் ஓடி ஓடி மறைத்ததை, உனக்கு வேலை கொடுக்க வந்தவர் கண்முன்னால் பந்து பந்தாகப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். எதிராளிக்குத் தெரியக்கூடாது என்று அக்கா மூடி வைத்ததை அக்காவே திறந்துவிட்டாள்.

மூன்றாவது கேமில் நீ சமாளிக்க ஆரம்பித்தாய். ஒரு அடி பின்னால் நின்றாய். இருபத்தாறுக்கு இருபத்தாறு. அப்போது இருவருக்கும் சரிசமம். அங்கே நான் உன்னை வேண்டுமென்றே தோற்கடித்தேன் பேபி. நீ பின்னால் நிற்கிறாய் என்று தெரிந்து வலைக்குப் பக்கத்தில் மெல்லத் தட்டினேன். நீ பாய்ந்து விழுந்தும் எட்டவில்லை.

இதெல்லாம் நீ கேட்டபடிதான். இதற்காக நான் வருந்தினால் நீ திட்டுவாய். நான் சொல்ல வந்தது வேறு. கடைசிப் பந்து விழுந்ததும் நாகமணி என்னைத் தூக்கிச் சுற்றினாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். உன்னை ஜெயித்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நீ மண்ணில் உட்கார்ந்து முழங்கையைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். அப்பா அப்படி என்னைப் பார்த்ததே இல்லை.

அதனால்தான் வீட்டுக்கு வரவில்லை. அதிரசம் அப்படியே பையில் இருக்கிறது.

அந்தச் சிரிப்புக்கு மட்டும் என்னை மன்னித்துவிடு.

அருள்

------

பீர்க்கன்கரணை
26 பிப்ரவரி 1989

அன்புள்ள அக்கா,

முழங்கை ஆறிவிட்டது. கடைசியில் பாய்ந்து விழுந்தபோது முகவாயில் பட்ட காயம் மட்டும் தழும்பாகத் தங்கிவிடும் என்று அம்மா பயப்படுகிறாள். ‘கல்யாணத்துக்குப் பாக்க வர்றவங்க இன்னாடி கேப்பாங்க?’ என்கிறாள். எங்க அக்கா போட்டது என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். அடிக்க வந்தாள்.

அன்று நீ சிரித்ததைப் பார்த்தேன். தாம்பரம் கிரவுண்டில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். மண்ணில் உட்கார்ந்தபடி உன்னைக் கொன்றுவிடலாம் போல எரிச்சல் எனக்கு. அதோடு கூடவே ஒரு நிம்மதி. பாவப்பட்ட தங்கையை ஜெயித்துவிட்டு யாரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள். அந்தச் சிரிப்புக்கு மன்னிப்புக் கேட்டு இன்னொரு கடிதம் எழுதினால் அப்போதுதான் நிஜமாகவே கோபம் வரும்.

இடது பக்க விஷயம் எனக்குத் தெரியாது என்று நீ நினைத்தது சரிதான். தெரியாது. முதல் பந்து விழுந்தபோது, இது எங்கிருந்து வந்தது என்றுதான் உன்னைப் பார்த்தேன். நாம் ஜோடியாக ஆடிய காலமெல்லாம் நான் முழு ஆட்டக்காரி என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பங்கு உன் கால்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. கொஞ்ச நாள் அவமானமாக இருந்தது. இப்போது மாஸ்டர் தினமும் காலையில் அந்தப் பக்கமாகவே பந்து போடுகிறார். ‘இவ்ளோ நாளா எனக்கே தெரியாம மறைச்சு வச்சிருந்தாளே உங்க அக்கா, திருட்டுக் கழுதை’ என்று உன்னைத் திட்டிக்கொண்டே போடுகிறார்.

ஆட்டம் முடிந்ததும் லக்ஷ்மிநாராயணன் சார் என்னிடம் வந்தார். கைக்குட்டையை நீட்டி ரத்தத்தைத் துடைத்துக்கொள்ளச் சொன்னார். ‘கவிதையில வர்ற பொண்ணு நீ இல்லம்மா’ என்றார். ‘அதைத்தான் சார் அன்னிக்கே சொன்னேன்’ என்றேன். போன வாரம் ஆர்டர் வந்துவிட்டது. வங்கியில் வேலை. அப்பா கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி, உன் கவிதையை எடுத்துப் பைபிளுக்குள் வைத்துவிட்டார். ஆர்டரைச் சட்டத்தில் போடலாமா என்று கேட்டார். அதை ஆபீசில் கொடுக்க வேண்டும் என்று பிடுங்கிக்கொண்டேன்.

இதுவரை சந்தோஷமாக எழுதிவிட்டேன். இனிமேல் எழுதப் போவதற்குத்தான் உன் ஞாபகம் வந்தது.

வங்கியிலும் மிச்சம் இருந்தது ஒரு இடம்தான். சரோஜினிக்கு வரவில்லை.

அவள் ஒரு வாரமாக கிரவுண்டுக்கு வரவில்லை. ராத்திரியெல்லாம் அந்த அரையிறுதியையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது கேமில் ஒரு பந்து அவளுக்கு நேராக வந்தது. அவள் எடுக்காமல் நகர்ந்து என்னை அடிக்க விட்டாள். நான் அதில் பாயிண்ட் எடுத்தேன், எல்லோரும் கை தட்டினார்கள். லக்ஷ்மிநாராயணன் சார் பார்க்கிறார் என்று தெரிந்து, வேலை எனக்குக் கிடைக்கட்டும் என்று அவள் வேண்டுமென்றேதான் விட்டாளோ? யோசிக்க யோசிக்க அப்படித்தான் என்று தோன்றியது. அவள் முகம்கூட அப்படித்தான் இருந்த மாதிரி ஞாபகம் வந்தது. அப்படி நினைத்ததும் மனசு கொஞ்சம் லேசானது. படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன் அக்கா. நீ செகந்தராபாத்தில் தனியாக உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் ஊரப்பாக்கம் போனேன். அவள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு அடுத்த துணியை எடுத்து உதறினாள். நான் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன்.

‘அந்தப் பந்த எனக்காகவா விட்டே?’

அவள் ஈரத் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள். ‘போடி இவளே! வெய்யில் கண்ணுல அடிச்சுது, தெரியல. தெரிஞ்சிருந்தா உனக்கு எதுக்குடி விடணும்? எனக்கும்தான் வேலை வேணும்’ என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். என்ன சொன்னாலும் அது எனக்காகத்தான் இருக்கும் என்று தோன்றியது. மீதித் துணியைப் பிழிந்து கொடுத்தேன்.

நேற்று சாயங்காலம் கிரவுண்டுக்கு வந்தாள். ‘ஜோடியா ஆட மாட்டேன், எதிர்லதான் ஆடுவேன்’ என்றாள். சரி என்றேன். முதல் பந்தே என் இடது தோளுக்கு மேலே வந்தது. திரும்பி எடுத்துவிட்டேன். அடுத்ததை அதைவிட வேகமாக அடித்தாள்.

பேபி